கதை கேட்கக் கிளம்பும் பிள்ளைக்கு

கண்ணு, பேரணாம்பட்டிலேயே வாய்மொழி வரலாற்று வேலையைத் தொடங்கப் போகிறேன் என்று நீ சொன்னபோது எனக்கு மனம் நிறைந்துபோனது. தோல், பீடி, விவசாயம், கோலார் தங்கவயல் என்று நாலு பக்கமும் போய் உழைத்துத் தேய்ந்த ஜனங்களின் ஊர் இது. தமிழும் உருதும் தெலுங்கும் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். எழுதி வைத்தவர்கள் குறைவு, நினைவில் வைத்திருப்பவர்கள் அதிகம். ரெக்கார்டரை எப்படிப் பிடிப்பது என்பதை ஒரு நாளில் கற்றுக்கொள்வாய். நான் சொல்லப்போவது உன் குணத்தைப் பற்றி. இந்த வேலைக்குக் கைமுதல் அதுதான்.

1. முதலில் உட்காரக் கற்றுக்கொள். எந்த வீட்டுக்குப் போனாலும் அவர்கள் காட்டுகிற இடத்தில் உட்கார். கொடுக்கிற தண்ணீரைக் குடி. நீ யார், எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பார்கள். மழுப்பாமல் சொல். ஊர்ப்பக்கத்திலிருந்து வருகிறாயா, காலனிப் பக்கத்திலிருந்து வருகிறாயா என்பது இங்கே இன்னும் பெரிய கேள்வி. அந்தத் தண்ணீர் டம்ளரை நீ எப்படி வாங்குகிறாய் என்று ஒரு ஆயா கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் உன்னிடம் எதைச் சொல்வார், எதை விழுங்கிக்கொள்வார் என்பது அங்கேயே முடிவாகிவிடும். நான் பார்த்த வரைக்கும், நல்ல கேள்வி கேட்டவர்களைவிட மிச்சம் வைக்காமல் டீ குடித்தவர்களுக்குத்தான் இங்கே அதிகம் கிடைத்திருக்கிறது.

2. பேசுகிறவரின் கைவேலையை நிறுத்தாதே. பீடி சுற்றுகிற பெண்ணுக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி. நீ ஒரு மணி நேரம் அவர் முறத்தைக் கீழே வைக்கச் சொன்னால் அந்த ஒரு மணி நேரக் கூலி போச்சு. பக்கத்தில் உட்கார்ந்து கேள். இலை வெட்டத் தெரிந்தால் வெட்டிக் கொடு. கை ஓடிக்கொண்டிருக்கும்போது வாய் தானாகத் திறக்கும். கண்ணைப் பார்த்துச் சொல்லக் கூசுகிற விஷயம்கூட முறத்தைப் பார்த்துக்கொண்டே வந்துவிடும்.

3. அவசரப்படாதே. காது பொறுத்தால்தான் வாய் பேசும். புதுச்சேரிக்கு அருகே ஒரு கிராமத்தில் வீரம்மா என்ற பெண்மணி, வயலில் கூலி வேலை செய்தவர், பிரசவம் பார்த்தவர், ஒப்பாரி பாடியவர். அவருடைய வாழ்க்கையை ஜோசியான் ரசீன் என்ற ஆய்வாளர் ஏறக்குறைய பத்து வருஷம் கேட்டுக் கேட்டுப் பதிவு செய்தார். 1995இல் பிரெஞ்சிலும் பிறகு ஆங்கிலத்திலும் அது புத்தகமாயிற்று. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தலித் பெண்ணின் வாய்ப்பேச்சு உலகம் படிக்கிற நூலானது அந்தப் பொறுமையால்தான். நீ ஒரு மாதத்தில் முப்பது பேட்டி முடித்துவிட வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்திருப்பாய். அந்தத் தாளை மடித்து வை. முப்பது பேரை ஒரு தடவை பார்ப்பதைவிட மூன்று பேரை மறுபடி மறுபடி பார்ப்பது மேல்.

4. வருஷத்தைக் கேட்காதே, காலத்தைக் கேள். "எந்த வருஷம் அது?" என்று கேட்டால் பெரியவர்கள் தடுமாறிப் போவார்கள். பரீட்சையில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். இந்திரா காந்தி செத்ததற்கு முன்னேயா பின்னேயா, எம்.ஜி.ஆர். செத்தபோது உங்க பிள்ளைக்கு எத்தனை வயசு, வடஆற்காடு ஜில்லாவைப் பிரிக்கும்போது எங்கே வேலை என்று கேள். 1984, 1987, 1989 என்று உன் நோட்டில் நீ எழுதிக்கொள்ளலாம். வாணியம்பாடியில் 1903 நவம்பரில் பாலாறு கரையை உடைத்து ஊரையே அடித்துப் போனதைப் பாட்டன் சொல்லக் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அதுதான் காலண்டர். தோல் வேலைக்காரர்களுக்குத் தனிக் காலக்கணக்கு உண்டு: ஆவாரம்பட்டை, கடுக்காய்க் காலம் ஒன்று, குரோம் ரசாயனம் வந்த காலம் இன்னொன்று. 1972இல் சீதாராமையா குழு பரிந்துரை செய்த பிறகு, பச்சைத் தோலும் அரைப்பதனிட்ட தோலும் வெளிநாட்டுக்குப் போவதை அரசு கட்டுப்படுத்தியது. முழுதாகப் பதனிட்ட தோலும் செருப்பும் போகட்டும் என்றார்கள். டெல்லியில் எடுத்த அந்த முடிவு இங்கே தொட்டியில் இறங்கின மனிதனின் காலில் எப்படித் தெரிந்தது என்பதை எந்த அரசாணையிலும் படிக்க முடியாது. அதைக் கேட்கத்தான் நீ போகிறாய்.

5. தப்பாகச் சொன்னால் திருத்தாதே. இத்தாலியில் தெர்னி என்று ஒரு எஃகு ஆலை ஊர். 1949 மார்ச்சில் போலீஸ் அங்கே லூயிஜி திரஸ்துல்லி என்ற இளம் தொழிலாளியைக் கொன்றது. பிற்பாடு அலெஸ்ஸாந்த்ரோ போர்தெல்லி என்ற ஆய்வாளர் போய்க் கேட்டபோது, பல தொழிலாளிகள் அந்தச் சாவை 1953இல் வைத்துச் சொன்னார்கள். அந்த வருஷம்தான் ஆலையிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களை வெளியே அனுப்பினார்கள், தெருவில் சண்டை நடந்தது. போர்தெல்லி அந்தப் பிழையைத் தூக்கிப் போடவில்லை. தங்கள் தோழன் வெறுமனே செத்தான் என்பதை அவர்களால் தாங்க முடியவில்லை, பெரிய போராட்டத்துக்குள் அவனைக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள் என்று புரிந்துகொண்டார். நம் ஊரிலும் இப்படி நடக்கும். ஸ்டிரைக்கையும் வெள்ளத்தையும் ஒன்றாக்கிச் சொல்வார்கள். தேதியைத் தனியே சரிபார்த்து உன் குறிப்பில் எழுது. ஆனால் அவர் ஏன் அந்த இரண்டையும் சேர்த்தார் என்று ஒரு ராத்திரி முழுக்க யோசி.

6. ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதே. இந்த மண்ணில் இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான பாடம், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

தோல் ஆலைக் கழிவு பாலாற்றைக் கெடுத்தபோது, அந்த ஆற்றை நம்பியிருந்த ஜனங்களுக்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்பு வந்தது. கெடுத்தவன்தான் ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டமாக நிலைநிறுத்திய தீர்ப்பு அது. இன்றைக்கும் இந்தியாவில் பல சுற்றுச்சூழல் வழக்குகளில் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். தோல் பதனிடும் பகுதியில் 35,000 ஹெக்டேர் அளவுக்கு நிலம் கொஞ்சமாகவோ முழுசாகவோ விவசாயத்துக்கு லாயக்கற்றுப் போய்விட்டது என்ற வேளாண் பல்கலைக்கழகத்தின் கணக்கும் அதில் இருக்கிறது. பிறகு அமைத்த ஆணையம் 2001 மார்ச்சில் 547 ஆலைகள் 29,193 பேருக்கு ஏறக்குறைய 26 கோடியே 82 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்றது. வகுத்துப் பார், தலைக்குப் பத்தாயிரம்கூட வராது. கிடைக்காதவர்களுக்கு ஆறு வாரத்தில் கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் மறுபடி சொன்னது 2025 ஜனவரி 30இல். வழக்குப் போட்ட வருஷம் பிறந்த பிள்ளைக்கு அப்போது முப்பத்து மூன்று முப்பத்து நாலு வயசு.

தீர்ப்பில் ஹெக்டேர் இருக்கிறது, ரசாயனத்தின் பெயர் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாமல் போன நாளைப் பற்றி வீட்டுப் பெண்களிடம்தான் கேட்க வேண்டும். தென்னை குரும்பையிலேயே கொட்டினது, மாடு தொட்டித் தண்ணீரை முகர்ந்துவிட்டுத் திரும்பினது, பெண் கொடுக்க வந்தவர்கள் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு எழுந்து போனது எல்லாம் அவர்களிடம் இருக்கிறது.

இதைக் கேட்டதும் உனக்குக் கோபம் வரும். வரட்டும். அந்தக் கோபத்தோடு அடுத்த தெருவுக்குப் போய், சுண்ணாம்புத் தொட்டியில் நின்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவரையும் கேள். ஒரு திண்ணையில் அண்ணன் தம்பி இரண்டு பேரையும் சேர்த்து உட்கார வைத்து ஒருமுறை கேட்டேன். "கம்பெனிதான் எங்களை வாழ வெச்சது" என்றார் அண்ணன். "கம்பெனிதான் எங்க தண்ணியக் கொன்னுது" என்றார் தம்பி. அண்ணன் கூலியில் தம்பி மகள் காலேஜ் போனாள். தம்பி நிலத்துச் சோற்றில்தான் அண்ணன் சின்ன வயசில் வளர்ந்தார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆலையை மூடு என்பதும் ஆலையை விடு என்பதும் வெளியூர்க்காரர்களுக்குச் சுலபம். சுத்தமான தண்ணீரும் வேண்டும், கௌரவமான கூலியும் வேண்டும் என்று ஒரே மூச்சில் கேட்கிற குரல் அந்தத் திண்ணையில் இருக்கிறது. அதை முழுசாகப் பதிவு செய்தால்தான் நாளைக்கு யாராவது சரியான தீர்வைத் தேட முடியும்.

7. வந்தவர்களையும் கேள். ராணிப்பேட்டையில் 2015 ஜனவரி 31 அன்று கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளிகள் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். அவர்கள் தொட்டதும் நம் தோல்தான், செத்ததும் நம் மண்ணில்தான். "வடநாட்டுப் பையன்" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டால் இந்தத் தொழிலின் சரித்திரத்தில் பாதியை விட்டுவிடுவாய். அதேபோல, உருதுவில் பேசுகிற பாயம்மாவைத் தமிழில் பேசச் சொல்லாதே. தெலுங்கு பேசுகிற தாத்தாவையும் அப்படித்தான். எந்த மொழியில் அவர்கள் அழுவார்களோ அந்த மொழியில் சொல்லட்டும். பெயர்த்து எழுதுவது உன் பாடு.

8. பெண்களுக்குப் பதில் ஆண்களைப் பேச விடாதே. "அவளுக்கு என்னா தெரியும், நான் சொல்றேன்" என்று ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். அவரையும் மரியாதையோடு கேட்டு முடி. பிறகு அந்த அம்மா தண்ணீர் பிடிக்கிற நேரத்தில் தனியே போ. பக்கத்தில் இருக்கிற தெலுங்கு நாட்டையே பார்: தெலங்கானா ஆயுதப் போராட்டத்தில் துப்பாக்கி தூக்கின, செய்தி சுமந்த பெண்களைப் பற்றி ஆண்கள் எழுதின சரித்திரங்களில் அதிகம் இல்லை. ஸ்திரீ சக்தி சங்கட்டனா என்ற பெண்கள் குழு 1980களில் அவர்களைத் தேடிப் போய்க் கேட்டது. போராட்டம் முடிந்ததும் "வீட்டுக்குப் போங்கள்" என்று தங்களுக்குச் சொன்னதை அந்தப் பெண்கள் சொன்னார்கள். ஒரு மகத்தான இயக்கம் தன்னையே திரும்பிப் பார்க்க வேண்டி வந்தது.

9. காயத்தைக் கிளறாதே. தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூனில் வனத்துறையும் போலீசும் புகுந்து செய்ததை நீ படித்திருப்பாய். வல்லுறவுக்கு ஆளான பதினெட்டுப் பெண்களும் அந்த மலைக்கிராமத்து ஜனங்களும் வருஷக்கணக்காகத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். சங்கத்தாரிடம், சி.பி.ஐ.யிடம், கோர்ட்டில், குறுக்கு விசாரணையில். 2011 செப்டம்பர் 29இல், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வாய்ப்பேச்சுக்கு எவ்வளவு பலம் என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள். கூடவே, ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அந்தப் பெண்கள் அதை மறுபடி ஒருமுறை அனுபவித்தார்கள் என்பதையும் மறக்காதே. உன் பதிவு அழகாக வர வேண்டும் என்பதற்காக யாரையும் அந்த இடத்துக்கு இழுத்துப் போகாதே. அவர்களாக வந்தால் கூட நில். நடுவில் நிறுத்தினால் நீயும் நிறுத்து. அன்றைக்கு ராத்திரி அவர் தூங்கினாரா என்று மறுநாள் போய்ப் பார். மெஷின் இல்லாமல் போ.

10. டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டச் சொல். உழைக்கும் ஜனங்களிடம் எழுத்தே இல்லை என்று நினைத்துவிடாதே. வடஆற்காட்டுச் சேரிகளிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போன குடும்பங்கள் ஏராளம். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கின 'தமிழன்' பத்திரிகையின் கருத்து அந்தச் சுரங்கத் தொழிலாளர்களிடம் வேர் பிடித்தது. பௌத்த சங்கங்கள் அங்கே நடந்தன. பண்டிதர் காலமாகி, பிற்பாடு அந்தப் பத்திரிகை கோலார் தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடினார்கள். அந்த வாழ்க்கையின் துண்டுகள் இன்று நம் பக்கத்து வீடுகளில் பெட்டிக்குள் கிடக்கின்றன: சுரங்க அடையாள அட்டை, சங்கச் சந்தா ரசீது, மங்கிப்போன புத்தர் படம். காகிதத்தைக் கையில் கொடுத்தால் மறந்தது எல்லாம் ஞாபகம் வரும். படம் எடுத்துக்கொண்டு அங்கேயே திருப்பிக் கொடு. ஒரு ரசீதைக்கூட வீட்டை விட்டு எடுத்துப் போகாதே.

11. கொடுத்த வாக்கைக் காப்பாற்று. இது சின்ன ஊர். "தொட்டியில் வேலை செய்த, நெற்றியில் தழும்பு உள்ள ஒருவர்" என்று பெயர் போடாமல் எழுதினாலும் மேஸ்திரிக்குத் தெரிந்துவிடும், அடுத்த வாரம் வேலை இருக்காது. பெயர் போடலாமா, குரலைக் கேட்க விடலாமா, யாருக்குப் போட்டுக் காட்டலாம் என்று ஒவ்வொன்றாகக் கேள். "இதை எடுத்துடு கண்ணு" என்று பத்து மாதம் கழித்துச் சொன்னாலும் மறுபேச்சுப் பேசாமல் எடுத்துவிடு.

12. கேட்டதைச் சொன்னவர்களிடமே கொண்டுபோய்ச் சேர். என் வாழ்நாளில் நான் நம்பி வந்தது இது ஒன்றைத்தான். பீடி சுற்றுகிற பெண்கள் சிலரிடம் தனித்தனியாகப் பேசியிருந்தேன். ஒவ்வொருவரும் தாழ்ந்த குரலில் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்: இலை குறைவாகத்தான் வருகிறது, பீடியில் ஒரு பங்கைச் சரியில்லை என்று கழித்துவிடுகிறார்கள், என் கை அவ்வளவு நேர்த்தியில்லை போல. ஒவ்வொருவரும் அதைத் தன் குறை என்றே நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் சம்மதத்தோடு எல்லாரையும் ஒரு வீட்டில் உட்கார வைத்து அந்தப் பேச்சுகளைப் போட்டுக் கேட்டோம். முதல் குரல் முடிவதற்குள் ஒருத்தி, "எனக்கும் இதேதான் நடக்குது" என்றாள். பிறகு மூலைக்கு மூலை அதே பேச்சு. அத்தனை பேர் கையும் ஒரே நேரத்தில் நேர்த்தி இல்லாமல் போகுமா? கழித்த பீடி எங்கே போகிறது, அதற்கு யார் காசு வாங்குகிறார்கள் என்று அன்றைக்குத்தான் கேட்டார்கள். மறுவாரம் கணக்கு நோட்டு போட ஆரம்பித்தார்கள். ஏஜெண்டு முன்னால் ஒருவராகப் போய் நிற்பதை விட்டுவிட்டுச் சேர்ந்து போய் நின்றார்கள். கழிப்பது அடியோடு நின்றுவிடவில்லை, ஆனால் குறைந்தது. அவர்கள் தலைகுனிந்து நிற்பது போய்விட்டது.

சமூக மாற்றத்துக்கு வாய்மொழி வரலாறு என்ன செய்யும் என்று கருத்தரங்கில் கேட்பார்கள். நான் இதைத்தான் சொல்வேன். தனித்தனி வெட்கமாக இருந்தது பொதுவான நியாயமாக மாறுகிற இடம் அது. நீ பதிவு செய்ததை வெளியூர் நூலகத்துக்கு மட்டும் கொடுத்தால் ஆய்வாளருக்குப் பட்டம் கிடைக்கும். இங்கே திரும்பி வந்தால்தான் கூலியும் தண்ணீரும் கௌரவமும் பேச்சுக்கு வரும்.

13. முன்னே நடந்தவர்களைப் படி. இதே பேரணாம்பட்டிலிருந்து எழுதுகிறவர் அழகிய பெரியவன். அவருடைய 'தகப்பன் கொடி'யை வாசித்துவிட்டுத் தெருவில் இறங்கு. திண்டுக்கல் தோல் தொழிலாளர்களைப் பற்றி டி. செல்வராஜ் எழுதின 'தோல்' நாவலையும் படி. 2012இல் சாகித்ய அகாடமி விருது பெற்றது. ஸ்டாலின் ராஜாங்கத்தின் 'எழுதாக் கிளவி' வாய்வழி நினைவுகளை வரலாறாக எப்படி வாசிப்பது என்று உனக்குச் சொல்லும். இவற்றையெல்லாம் படித்த பிறகும், நாவலாசிரியருக்கு உள்ள சுதந்திரம் உனக்கு இல்லை என்பதை மனதில் வை. ஒரு சொல்லைக்கூட நீயாகச் சேர்க்காதே. "இன்னா பண்றது, வந்துகினேன்" என்றால் அப்படியே எழுது.

14. கடைசியாக ஒன்று. திட்டம் தயாராகட்டும், நல்ல மைக் வாங்கட்டும், நிதி வரட்டும் என்று காத்திராதே. குரோம் வருவதற்கு முன்னால், ஆவாரம்பட்டைத் தொட்டியில் இறங்கி வேலை செய்தவர்களுக்கு இப்போது எழுபதும் எண்பதும் ஆகிவிட்டது. நல்ல தண்ணீர் ஓடின பாலாற்றில் ஊற்றுத் தோண்டிக் குடித்த கடைசித் தலைமுறையும் அவர்கள்தான். இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு வீட்டுக்குப் போ. கையில் இருக்கிற போனே போதும்.